மருந்து தொடாத நுரையீரல்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ, உன் மனைவி, சின்னவள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த ஓட்டை நாற்காலியை மாற்றினாயா, இல்லை இன்னும் அதிலேயே உட்கார்ந்து முனகுகிறாயா?

நாங்கள் நலம் என்று எழுதியே பழகிய கை இது. இந்த முறை அந்த வரி எழுத வரவில்லை. உன் அத்தானுக்கு ஒரு வருஷமாக விடாத வறட்டு இருமல். பட்டறைப் புகைதான் என்று அவர் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். போன மாதம் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். "செருப்புல கல்லு மாட்டிக்கிச்சு" என்று சொல்லிக் குனிந்தார். நிமிர வெகு நேரமாயிற்று. நான் செருப்பை உதறிப் பார்த்தேன். கல் ஒன்றும் இல்லை.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரல் இரண்டிலும் தழும்பு கட்டிக்கொண்டே வருகிறதாம். கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி விறைத்துப் போகுமாம். "வச்சுக்கிட்டு ஓட்டலாம்மா, மாத்த முடியாது" என்றார் டாக்டர். எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதே வாரம் செய்தித்தாளில் உன் படம். எலிகளின் நுரையீரல் தழும்பைக் கரைத்த மருந்தை இனி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள், உங்கள் மருத்துவக் கல்லூரியில், உன் தலைமையில் என்று போட்டிருந்தது. உன் அத்தான் நான்கு தரம் படித்தார். "எலிக்காரன் சாதிச்சுட்டான் பாத்தியா" என்றார். அவர் வைத்த பட்டப்பெயரை இன்னும் விடவில்லை. நீ ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, எலிகளுக்குத் தூசு ஊத ஒரு பெட்டி வேண்டும், கடையில் செய்தால் கசிகிறது என்று வந்து நின்றாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, காற்றுப் புகாமல் எஃகில் பற்றவைத்துக் கொடுத்தார். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

அவரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முதுகு பழகிவிட்டது. நாற்காலி மாறவில்லை.

அத்தானைப் பற்றிப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்தப் பெட்டி இன்னும் எலிக்கூடத்தில்தான் இருக்கிறது. என் மாணவர்களுக்கு அது யார் செய்தது என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு வாஷர் மட்டும் மாற்றியிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். அறுபது பேரைச் சேர்க்கிறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெற்று கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சேருவதற்கு முன்னால் சில பரிசோதனைகள்: ரத்தம், இதயம், குழாயில் ஊதிப் பார்ப்பது, கடைசியாக ஆறு நிமிஷ நடை. ஆறு நிமிஷத்தில் குறைந்தது முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும். அதற்குக் கீழே நடப்பவர்களை விதி அனுமதிக்காது.

மார்ச் முதல் வாரம் கூட்டி வா. வீட்டிலேயே தங்கலாம். கல்லூரியில் மட்டும் என் உறவினர் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால் அதுவே ஒரு தடையாகிவிடும்.

அத்தானிடம் தைரியமாக இருக்கச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புத் தம்பி

---

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு ரயிலில் இரண்டு வேளைக்கு வந்தது. சின்னவளின் சளி விட்டதா?

பரிசோதனை நடந்த அன்று நீ கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்ததைப் பார்த்தேன். கை அசைக்க நினைத்து, நீ சொன்னது ஞாபகம் வந்து, முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிக்கொண்டேன். அதனால் உனக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

நடைபாதையில் பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. முப்பத்தைந்துகூட இருக்காது. இரண்டு பெண் குழந்தைகள். அவளுக்கும் இதே நோய். "ஊசியில நூல் கோக்கறப்ப மூச்சப் பிடிப்போம்ல அக்கா, இப்ப பிடிக்கவே வேணாம், அதுவா நின்னுடுது" என்று சிரித்தாள். உன் அத்தான் அவளிடம், "பயப்படாதம்மா, இந்த மருந்தக் கண்டுபிடிச்சவன் ரொம்பக் கெட்டிக்காரன், எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். நான் தொடையில் கிள்ளினேன். "பேப்பர்ல போட்டிருந்தான்" என்று முடித்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது. செவிலியர் கையில் கடிகாரத்தோடு நின்றார். இந்த முனையில் ஒரு கூம்பு, அந்த முனையில் ஒரு கூம்பு, நடுவே முப்பது மீட்டர். நானும் விரல் மடக்கி எண்ணினேன். ஏழாவது சுற்றில் உதடு நீலமாயிற்று. உட்காரச் சொன்னேன். "சும்மா இரு, எண்ணிக்கை தப்பும்" என்றார். பத்து முடிந்து, திரும்பி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார். நேரம் முடிந்தது. "முந்நூத்திப் பன்னெண்டு, ஐயா. தாராளமா போதும்" என்றார் செவிலியர். உன் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏதோ பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கினவர் மாதிரி நின்றார்.

தையல்காரி அவருக்கும் மேலே நடந்தாள். முகவரி வாங்கிக்கொண்டோம்.

மருந்து எப்போது தொடங்கும் என்று எழுது. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றுகொள்கிறார்.

அன்புடன்,
அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை நெரிக்கிறது. சின்னவள் நலம்.

சொல்லச் சங்கடமாக இருக்கிறது. அத்தானைச் சேர்க்க முடியவில்லை. நடைப் பரிசோதனையில் அவர் நடந்தது 288 மீட்டர். செவிலியர் வாய்க்கணக்காகச் சொன்னது தவறு. பத்தாவது சுற்றில் அவர் சுவரைத் தொட்டிருக்கிறார். தொட்ட பிறகு நடந்ததை விதிப்படி கணக்கில் எடுக்கக் கூடாது. தாளைச் சரிபார்த்தபோது இது தெரிந்தது. பன்னிரண்டு மீட்டர்தானே என்று உனக்குத் தோன்றும். ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும்.

மூச்சுப் பயிற்சிக்கான தாள் ஒன்று இணைத்திருக்கிறேன். காலையும் மாலையும் செய்யச் சொல். புகை, தூசு பக்கம் போக வேண்டாம்.

மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி

---

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம்.

அளக்கத் தெரிந்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விரல் மடக்கி எண்ணுகிற எனக்கு என்ன தெரியும்.

உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தைக் கையில் வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, "சுவரத் தொட்டனா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "தொட்டிருப்பேன். தலை சுத்துச்சு. அவன் என்ன பண்ணுவான் பாவம், எனக்காக விதிய வளைக்க முடியுமா" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் தெருவில் நூலகச் சுவரிலிருந்து மாவு மில் வரைக்கும் கயிறு போட்டு முப்பது மீட்டர் அளந்திருக்கிறார். இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு. நான் கடிகாரத்தைப் பிடிக்க வேண்டும். சுவரைத் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். மில்லுக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருத்தர், "என்ன மேஸ்திரி, பட்டாளத்துல சேரப் போறீங்களா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல" என்றார்.

நேற்று 296. முந்தாநாள் 304. மறுபடி ஒரு தரம் அவரைச் சோதிக்க விதியில் இடம் உண்டா? இரண்டு வரி எழுதினால் போதும். ரயில் ஏறி வந்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா

---

ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? ஏப்ரலில் எழுதினேன், ஜூனில் ஒரு அட்டை போட்டேன். இரண்டும் தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தெரு நடை நின்று இரண்டு மாதமாகிறது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் யந்திரம். இரைச்சலுக்கு முதலில் தூக்கம் வரவில்லை. இப்போது மின்சாரம் போய் அது நின்றால் விழித்துக்கொள்கிறோம். உன் அத்தான் பேசும்போது ஒரு வாக்கியத்தை இரண்டாக நறுக்கிப் பேசுகிறார். முதல் பாதியைக் கேட்டே மீதியைச் சொல்லிவிடுகிறேன். "உன்னக் கட்டிக்கிட்டதுக்கு... இப்பத்தான் பிரயோஜனம்" என்று நேற்றுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறிப் பத்து நிமிஷம் நிற்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் சுவரைத் தொடவில்லை. நேரம் முடிந்த பிறகுதான் பிடித்தார். நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும், நீ வேண்டுமென்றே கழித்துவிட்டாய் என்று. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. மறுசோதனை கேட்டதற்கு நீ பதிலே போடாதபோது, அந்த மருந்தில் ஏதோ ஆபத்து இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது, அத்தானை அதில் தள்ள உனக்கு மனசு வரவில்லை, அதனால் ஒரு பொய்யைச் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் நிம்மதியாக இருந்தேன். அத்தான் புலம்பும்போதெல்லாம் உள்ளுக்குள் உன்னை வாழ்த்தினேன்.

போன வாரம் தையல்காரியிடமிருந்து கடிதம் வந்தது. மாடிப்படி ஏறுகிறாளாம். மகளுக்குத் தானே பாவாடை தைத்தாளாம். குழாயில் ஊதும் அளவு கூடியிருக்கிறதாம். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம்.

ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டதே தம்பி. இனி அவருக்குக் கொடுக்கலாமே. ஆய்வில் சேர்க்க வேண்டாம். கருணை அடிப்படையில் வெளியாளுக்கும் கொடுக்க வழி உண்டு என்று இங்கே டாக்டர் சொன்னார். ஆய்வுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

உன் கையெழுத்து.

அக்கா

---

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

கருணை அடிப்படையில் கொடுப்பது நீ நினைக்கிற மாதிரி எளிதல்ல. இவ்வளவு முற்றிய நிலையில் மருந்து கேட்காது. கொடுத்து ஏதாவது ஆனால், அதையும் மருந்தின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். இடைக்கால முடிவு மிக நன்றாக வந்திருக்கிற நேரம் இது. என்னால் கையெழுத்துப் போட முடியாது.

வேறொன்று. இதைக் கேட்கலாமா கூடாதா என்று யோசித்தேன், நீ புரிந்துகொள்வாய் என்று கேட்கிறேன். எங்கள் மருந்து உள்ளே என்ன செய்கிறது என்று காட்ட, அதே நோயில் மருந்தே தொடாத நுரையீரல் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படுகிறது. முழுதாக, கெடாமல் கிடைப்பது அபூர்வம். அத்தானுக்கு மார்ச் மாதத்துப் பரிசோதனை விவரமெல்லாம் எங்களிடமே இருக்கிறது. பொருத்தமாக அமையும். படிவம் இணைத்திருக்கிறேன். இப்போதே கையெழுத்தாகிவிட்டால், நேரம் வரும்போது உங்கள் ஊர் ஆஸ்பத்திரியே எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்பிவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதை மட்டும் கவனத்தில் வை.

அத்தானுக்கு என் அன்பு. நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி

---

அக்டோபர் 5

தம்பிக்கு,

போன மாதம் 22ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு உன் அத்தான் போய்விட்டார். ஐஸ் பெட்டி அன்று மாலையே உன் கைக்கு வந்திருக்கும் என்பதால் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முறைப்படி தெரிவிக்கிறேன்.

படிவத்தை நான் அவரிடம் காட்டுவதாக இல்லை. உறையைப் பிரித்தவர் அவர்தான். உன் கையெழுத்தைப் பார்த்ததும் மருந்து வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத மாட்டேன். முழுதும் படித்தார். மடித்தார். "பேனா குடு" என்றார்.

"வேணாங்க" என்றேன்.

"கேட்டுட்டான்ல... குடுத்துடுவோம்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பெட்டி கேட்டப்பவும்... அளவு மட்டும்தான் சொன்னான்... ஆனா நல்ல பையன்" என்றார். மூன்று இடத்தில் கையெழுத்து. மூன்றாவது கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

கடைசி ஒன்பது நாள் அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முட்டியில் தலையணை வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும். அவருக்குக் கை வலிக்காமலிருக்க நான் எதிரே உட்கார்ந்து தாங்கிக்கொண்டேன். என் முகத்துக்கு நேரே அவர் முகம். ஒன்பது நாளும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னை வெறுத்துக்கொண்டே போயிருப்பார். அந்த உபகாரம் உனக்கல்ல, அவருக்குச் செய்தது.

எட்டரைக்குப் போனார். ஒன்பதே காலுக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தாய். முக்கால் மணியில் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் அனுப்பியிருக்கிறேன், உனக்கல்ல. நடந்து முடித்த அன்று, ஞாபகத்துக்கு வேண்டுமென்று செவிலியரிடம் கேட்டு, வருகை அட்டையின் பின்பக்கம் தூரத்தை எழுதி வாங்கிக்கொண்டார் உன் அத்தான். 312, தேதி, செவிலியரின் சுருக்கொப்பம். சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். நீ 288 என்று எழுதிய கடிதத்தையும் அந்த அட்டையையும் சேர்த்து உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அக்கா

---

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அவ்வளவு நலமில்லை.

உன் தபால் வந்த பதினைந்தாம் நாள் ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை யாருக்கும் மருந்து கிடையாது. கேப்ஸ்யூல்களைத் திரும்ப வாங்கிப் பூட்டிவிட்டார்கள். செவிலியரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஞாபகமில்லை என்றார். அவருக்கும் வேலை வேண்டுமே. ஆக இப்போது என் தாள் ஒரு பக்கம், உன் அட்டை ஒரு பக்கம்.

நீ கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆம், 312தான். நான்தான் மாற்றினேன். அத்தானின் ரத்தமும் இதயமும் ஊதின அளவும் விதிக்கு உட்பட்டுத்தான் இருந்தன, ஆனால் எல்லாமே விளிம்பில். அந்த மாதிரி ஆட்கள் நாலைந்து மாதத்தில் சரிவார்கள் என்று எனக்கு அனுபவம். மருந்துப் பக்கம் விழுந்து சரிந்தால் மருந்தின் கணக்கில் ஒரு சாவு. அறுபது பேரில் ஒரு சாவு என்பது சின்ன விஷயமில்லை. பதினெட்டு வருஷ வேலை அது. அந்நியனாக இருந்தால் துணிந்திருப்பேனோ என்னவோ. அவரைச் சேர்த்து, தினம் அவரைப் பற்றி உன் கடிதம் வந்துகொண்டிருந்தால், நான் நிதானமாக எதையும் பார்த்திருக்க முடியாது. செப்டம்பரில் போனார். என் கணிப்பு ஒரு மாதம்தான் தவறியது.

இந்தக் கடிதத்தை நீ குழுவுக்கு அனுப்பலாம். தெரிந்தேதான் கையெழுத்திட்டு எழுதுகிறேன். அனுப்பினால் நான் போவேன், மருந்தும் என்னோடு போகும். பிறகு வேறொருவர் முதலிலிருந்து தொடங்க ஐந்தாறு வருஷம்.

அந்தத் தையல்காரப் பெண் போன வாரம் வந்திருந்தார். நிறுத்தியபோது, யாருக்கு எது போனது என்ற பட்டியலைத் திறந்தார்கள். அவருக்குப் போனது அசல் மருந்து. நின்று ஆறு வாரத்தில் ஏறின அளவெல்லாம் இறங்கிவிட்டது. ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார். புகார் வந்தது என்றேன். யார் என்று கேட்டார். சொன்னேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

---

ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நீங்கள் நலமா? ஐயா போனது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அன்றைக்கு பெஞ்சில் எனக்குத் தைரியம் சொன்னவர் அவர் ஒருவர்தான். ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

இதைப் பெரியவள் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எனக்கு இப்போது எழுதினால் மூச்சு முட்டுகிறது.

அக்கா, நான் கோபமாக எழுதவில்லை. என் வீட்டுக்காரருக்கு அப்படி நடந்திருந்தால் நான் கல்லை எடுத்து எறிந்திருப்பேன். நீங்கள் தபால்தான் போட்டீர்கள். ஆனால் ஆறு மாதம் நான் நன்றாக இருந்தேன் அக்கா. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். சின்னவளை இடுப்பில் வைத்தேன். மெஷினை மிதித்தேன். இப்போது கட்டிலிலிருந்து அடுப்புக்குப் போவதற்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம்.

டாக்டர் ஐயா சொன்னார், அந்த அட்டையில் இருந்த எண், மனசு ஆறுதலுக்காக செவிலியரிடம் கேட்டு எழுதி வாங்கினது, உண்மையான அளவு இல்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மருந்து திரும்ப வரும் என்று. அது பொய் என்று எனக்கும் தெரியும். ஐயா என் எதிரில்தான் நடந்தார், நானும் பார்த்தேன்.

அம்மா கொஞ்சம் மூச்சு வாங்குகிறாள், நிறுத்தி எழுதுகிறேன்.

எழுதச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை அக்கா. பிள்ளைகள் இரண்டு இருக்கிறதால் கேட்கிறேன்.

உங்கள் தங்கை மாதிரி,
தையல் கடை

---

ஜனவரி 10

தம்பிக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். "என் கணவர் நடந்தது 288 மீட்டர். அட்டையில் உள்ள எண் அவர் வற்புறுத்தி எழுதி வாங்கியது. துக்கத்தில் புகார் செய்துவிட்டேன்." கீழே கையெழுத்து. குழுவின் முகவரிக்கு இன்று காலை பதிவுத் தபாலில் போயிற்று. நகல் இதோடு இருக்கிறது. உன் டிசம்பர் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒரு யோக்கியனை அவர் செத்த பிறகு ஏமாற்றுக்காரனாக்கி எழுதியிருக்கிறேன். வாசகத்தை நீ அவளிடம் சொல்லி அனுப்பியபடியே எழுதினேன், உன் வேலை சுலபமாகட்டும் என்று. அவளை அனுப்பத் தோன்றியதே உனக்கு, அதை நினைத்தால் நீ கெட்டிக்காரன் என்று உன் அத்தான் சொன்னது சரிதான்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மருந்து திரும்ப வந்ததும் முதலில் அவளுக்குக் கொடு. பரிசோதனை, வரிசை, விதி என்று எதையும் சொல்லாதே. அவளுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடு.

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? பிப்ரவரியில் எழுதியதற்கும் பதில் இல்லை, மார்ச்சில் எழுதியதற்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இருக்கிறாய் என்று மட்டும் சொன்னார்கள். இங்கே மூவரும் சுகம். சின்னவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

குழு உன் கடிதத்தை ஏற்றுக்கொண்டு விசாரணையை முடித்துவிட்டது. மார்ச் 16 முதல் மருந்து மறுபடி கொடுக்கிறோம். கட்டுரையும் ஏற்கப்பட்டுவிட்டது. நான்காவது படத்தில் இடது பக்கம் இருப்பது அத்தானுடையது. விதிப்படி பெயர் போட முடியாது, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு பிரதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த கட்டமாக மூன்று ஊர்களில் முந்நூறு பேருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வந்திருக்கிறது.

தையல்காரப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். மார்ச் 9ஆம் தேதி இறந்துவிட்டார். ஆய்வை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் நேர்ந்ததால் அது மருந்தின் கணக்கில் சேராது. முடிவுகளுக்குப் பாதிப்பில்லை.

நீ கேட்டுக்கொண்டபடி பட்டியலில் அவர் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தேன். டப்பாவில் பெயர்கூட ஒட்டியாகிவிட்டது. அதை உரித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தோம்.

வெயில் ஏறிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வரியாவது பதில் போடு.

அன்புத் தம்பி